ஏலியன் வருகைக்கு மக்களைத் தயார்படுத்துகிறதா மீடியா? 70 ஆண்டு ஆவணங்கள் சொல்வது என்ன?

புதுசாக ஒரு ஏலியன் படத்தின் டிரெய்லர் வந்தால் போதும். கமெண்ட் பகுதியில் அந்த வரி வந்து விழுந்துவிடும்: "இதெல்லாம் சும்மா எடுக்கல பாஸ், நம்மளைத் தயார் பண்றாங்க!" அதே வாரத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பறக்கும் தட்டு பற்றி ஒரு விசாரணையும் நடந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டையும் ஒட்டி ஒரு ரீல்ஸ் தயார்.

யார் தயார் செய்கிறார்கள்? எதற்காக? இதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா? முழுக்க முழுக்கக் கட்டுக்கதை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனென்றால், பறக்கும் தட்டு விஷயத்தில் அமெரிக்க அரசு மீடியாவைப் பயன்படுத்த நினைத்ததற்கு ஆவணம் இருக்கிறது. ஆனால் அந்த ஆவணம் சொல்வது, ரீல்ஸ் சொல்வதற்கு நேர் எதிர்.

அப்படி என்னதான் சொல்கிறார்கள்?

அமெரிக்க அரசுக்கு ஏலியன்கள் இருப்பது எப்போதோ தெரியும். திடீரென்று ஒரு நாள் அறிவித்தால் மத நம்பிக்கை, பங்குச்சந்தை, அரசாங்கம் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும். அதனால் சினிமா, வெப் சீரிஸ், செய்தி என்று எல்லா வழியிலும் மக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறார்கள். கடைசியில் அறிவிப்பு வரும்போது, "அட, இவ்வளவுதானா" என்று மக்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். இதற்கு 'சாஃப்ட் டிஸ்க்ளோஷர்' என்று பெயர். நடக்கப்போவதை முன்கூட்டியே திரையில் காட்டிப் பழக்குவதை 'பிரெடிக்டிவ் புரோகிராமிங்' என்கிறார்கள்.

இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த செர்ஜ் மோனாஸ்ட் 1994இல் கிளப்பிவிட்ட 'புராஜெக்ட் ப்ளூ பீம்'. ஏலியன் என்று யாருமே இல்லை, நாசாவும் ஐ.நா.வும் சேர்ந்து வானத்தில் ஒளி உருவங்களைக் காட்டி ஒரு போலி வருகையை நடத்தும், அந்தப் பயத்தில் உலகம் முழுக்க ஒரே அரசைக் கொண்டுவந்துவிடும் என்பது அந்தக் கதை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி வானத்தில் ட்ரோன்கள் பறப்பதாகப் பரபரப்பு எழுந்தபோது, 30 ஆண்டு பழைய இந்தக் கதை மறுபடி டிரெண்டானது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஏலியன் நிஜம் என்கிறது. இன்னொன்று ஏலியனே பொய் என்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் ஆதாரமாகக் காட்டுவது அதே படங்களை, அதே செய்திகளை!

1953: மீடியாவைப் பயன்படுத்தச் சொன்ன ரிப்போர்ட்

1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநில மலைகளுக்கு மேல் ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் பறந்தன என்று அவர் விவரித்தது அவற்றின் ஓட்டத்தை. பத்திரிகைகளோ அதையே வடிவமாக்கிவிட்டன. 'பறக்கும் தட்டு' என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். அதன் பிறகு மக்கள் தட்டு வடிவத்திலேயே பார்க்கவும் ஆரம்பித்தார்கள்.

1952 ஜூலையில் தலைநகர் வாஷிங்டனின் ரேடார்களில் அடையாளம் தெரியாத புள்ளிகள் தெரிய, அது முதல் பக்கச் செய்தியானது. உளவு அமைப்பான சிஐஏ கவலைப்பட்டது. கவலை ஏலியனைப் பற்றியதல்ல, சோவியத் யூனியனைப் பற்றியது. ஊரே பறக்கும் தட்டைப் பார்த்ததாக போன் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நிஜமான தாக்குதல் வந்தால், அந்த எச்சரிக்கை கூட்டத்தில் கரைந்துபோகுமே என்ற பயம்.

எனவே 1953 ஜனவரியில், கால்டெக் இயற்பியலாளர் எச்.பி.ராபர்ட்சன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்றைக் கூட்டியது சிஐஏ. நாட்டின் பாதுகாப்புக்கு நேரடி ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று குழு சொன்னது. கூடவே ஒரு பரிந்துரையும் செய்தது: டிவி, சினிமா, பத்திரிகைக் கட்டுரைகள் மூலம் மக்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் ஆர்வத்தைக் குறைக்க வேண்டும். முதலில் ஒரு மர்ம சம்பவத்தைக் காட்டி, பிறகு அது பலூன்தான், வெளிச்சம்தான் என்று உடைத்துக் காட்ட வேண்டும். இந்த வேலைக்குப் பொருத்தமானதாக வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பெயரும் அந்த ரிப்போர்ட்டில் வருகிறது. பறக்கும் தட்டு ஆர்வலர் குழுக்கள் மீது ஒரு கண் வைக்கவும் சொன்னது.

இது பேப்பரில் மட்டும் நின்றுவிடவும் இல்லை. 1966இல் சிபிஎஸ் டிவியில், புகழ்பெற்ற செய்தியாளர் வால்டர் கிரான்கைட் வழங்கிய பறக்கும் தட்டு நிகழ்ச்சியை, ராபர்ட்சன் குழுவின் முடிவுகளை ஒட்டி அமைக்க உதவியதாக அந்தக் குழுவில் இருந்த தார்ன்டன் பேஜ் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார்.

ஆக, 'அரசு மீடியாவில் கை வைத்தது' என்ற பகுதி உண்மை. ஆனால் நோக்கம் என்ன? "ஏலியன் வரப்போகிறது, பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதா? இல்லை. "அங்கே ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாருங்க" என்று சொல்வது.

'மறைக்கச் சொன்ன' புரூக்கிங்ஸ் அறிக்கை

இந்தத் தியரியை நம்புகிறவர்கள் அடிக்கடி காட்டும் இன்னொரு ஆதாரம், நாசாவுக்காக புரூக்கிங்ஸ் நிறுவனம் 1960இல் தயாரித்த அறிக்கை. செயற்கைக்கோள் தகவல் தொடர்பு, வானிலைக் கணிப்பு என விண்வெளித் திட்டங்கள் சமூகத்தை எப்படி மாற்றும் என்று 200 பக்கங்களுக்கு மேல் பேசும் ஆய்வு அது. வேற்றுக்கிரக உயிர் பற்றிய பகுதி சில பக்கங்கள் மட்டுமே.

அந்தச் சில பக்கங்களில், அப்படி ஒரு கண்டுபிடிப்பு நடந்தால் மக்கள் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள், எந்தச் சூழலில் அதைச் சொல்லலாம், எந்தச் சூழலில் சொல்லாமல் வைக்கலாம் என்பதையெல்லாம் ஆராய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆராயச் சொன்னது, 'மறைக்கச் சொன்னார்கள்' என்று ரீல்ஸில் மாறிவிட்டது. மறைப்பதற்கான ரகசியத் திட்டம் என்றால் அது ரகசியமாகத்தானே இருக்க வேண்டும்? இந்த அறிக்கை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனது. 1960 டிசம்பரில் செய்தித்தாள்களிலும் வந்தது.

ஏலியனுக்குப் பின்னால் ஒளிந்த விமானங்கள்

அரசு எதையுமே மறைக்கவில்லையா? மறைத்தது. விமானங்களை மறைத்தது.

யு-2 உளவு விமானத்தின் சோதனை ஓட்டம் 1955 ஆகஸ்டில் தொடங்கியது. அப்போது பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில் பறந்தன. யு-2 பறந்தது 60,000 அடிக்கும் மேலே. மாலை நேரத்தில் கீழே இருட்டிய பிறகும், அவ்வளவு உயரத்தில் அதன் வெள்ளி நிற இறக்கைகளில் வெயில் பட்டுத் தகதகக்கும். அவ்வளவு உயரத்தில் விமானமே பறக்க முடியாது என்று நினைத்தவர்களுக்கு அது வேறு எதுவாகத் தெரியும்?

விமானப் படையின் 'ப்ளூ புக்' விசாரணைக் குழு, வரும் புகார்களை சிஐஏ-விடம் ஒப்பிட்டுப் பார்க்கும். யு-2 என்று தெரிந்தாலும் புகார் கொடுத்தவரிடம் சொல்ல முடியாது. அதனால் பனிப்படிகம், வெப்பநிலை மாற்றம் என்று ஏதோ ஒரு விளக்கம் எழுதி அனுப்பினார்கள். 1950களின் இறுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கும் மேல் இப்படி உளவு விமானங்களால் வந்தவை என்று 1997இல் வெளியான சிஐஏ ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கு மிகை என்பவர்களும் உண்டு. ஆனால் தெரிந்தே தவறான விளக்கம் தரப்பட்டது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. மக்களின் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1969இல் மூடப்படும் வரை ப்ளூ புக் பதிவு செய்த புகார்கள் 12,618. அவற்றில் 701 கடைசி வரை விளக்கப்படவில்லை.

2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தி இன்னும் ஒரு படி மேலே. 1980களில் விமானப் படை கர்னல் ஒருவர், 'ஏரியா 51' தளத்துக்கு அருகே இருந்த மதுக்கடை ஒன்றின் உரிமையாளரிடம் போலியான பறக்கும் தட்டுப் படங்களைக் கொடுத்தார். படங்கள் சுவரில் மாட்டப்பட்டன, கதை பரவியது. ரேடாருக்குச் சிக்காத எஃப்-117 விமானத்தின் சோதனையை மறைக்க, உத்தரவின் பேரிலேயே அப்படிச் செய்ததாக ஓய்வு பெற்ற பிறகு அவர் விசாரணையாளர்களிடம் சொன்னார்.

இந்த விளையாட்டில் ஒரு மனிதரின் வாழ்க்கையே சிதைந்தது. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்கியைச் சேர்ந்த பால் பென்னவிட்ஸ், கர்ட்லாண்ட் விமானப் படைத் தளத்துக்கு அருகே வசித்தவர். தளத்தின் மேலே தெரிந்த ஒளிகளையும் தான் பதிவு செய்த சிக்னல்களையும் ஏலியனுடையவை என்று நம்பி, 1980இல் தளத்துக்கே தகவல் கொடுத்தார். "அது எங்க சோதனை, விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விமானப் படையின் புலனாய்வுப் பிரிவினர் அவருடைய நம்பிக்கைக்குத் தீனி போட்டார்கள். பொய்த் தகவல்கள் சேரச் சேர, அவருடைய பயமும் வளர்ந்தது. 1988இல் மனம் நொறுங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இந்த வேலைக்குத் தானும் உடந்தையாக இருந்ததாக எழுத்தாளர் வில்லியம் மூர் 1989இல் லாஸ் வேகாஸில் ஆர்வலர்கள் மாநாட்டு மேடையிலேயே ஒப்புக்கொண்டார். நியூ மெக்ஸிகோவின் டல்சேயில் பூமிக்கு அடியில் ஏலியன் தளம் இருப்பதாக இன்றும் ஷேர் ஆகும் கதை, பென்னவிட்ஸ் விவகாரத்தில் ஊற்றெடுத்ததுதான்.

அப்போ ஹாலிவுட்?

ஹாலிவுட்டுக்கும் பென்டகனுக்கும் தொடர்பு இருப்பது ரகசியமே இல்லை. போர் விமானம், கப்பல், வீரர்கள் வேண்டுமென்றால் தயாரிப்பாளர்கள் பென்டகனின் திரைப்பட அலுவலகத்தை அணுகலாம். பதிலுக்கு ஸ்கிரிப்டைக் காட்ட வேண்டும். ராணுவம் கேட்கும் மாற்றங்களைச் செய்ய வேண்டும். ராணுவத்துக்கு நல்ல பெயர் கிடைக்க வேண்டும், இளைஞர்கள் வந்து சேர வேண்டும். எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

ஏலியன் படங்களுக்கு இது எப்படி நடந்தது என்று பார்த்தால் தியரி தடுமாறுகிறது. 1996இல் வந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்துக்கு உதவ முதலில் முன்வந்த ராணுவம், 'ஏரியா 51' பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது. படக்குழு மறுத்ததும் பின்வாங்கிவிட்டது. உலகத்தையே ஏலியனுக்குப் பழக்கிய படம் என்று கொண்டாடப்படும் படத்துக்கு, 'பழக்குபவர்கள்' கை கொடுக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு வந்த 'கான்டாக்ட்' படத்தில் அதிபர் பில் கிளின்டன் பேசிய நிஜக் காட்சிகளை வெட்டி, அவர் ஏலியன் சிக்னல் பற்றிப் பேசுவது போலச் சேர்த்திருந்தார்கள். கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று வெள்ளை மாளிகையே எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தது. சேர்ந்து திட்டம் போட்டவர்கள் இப்படியா சண்டை போட்டுக்கொள்வார்கள்?

ஸ்பீல்பெர்க்கின் 1977 படமான 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'டில் ஜே.ஆலன் ஹைனெக் ஆலோசகராக இருந்து, ஒரு காட்சியில் தலைகாட்டவும் செய்ததை சிலர் சுட்டிக்காட்டுவார்கள். ப்ளூ புக்கின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் அவர். ஆனால் படம் வரும்போது ப்ளூ புக் மூடி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தலைப்பே ஹைனெக் 1972இல் எழுதிய புத்தகத்தில் வரும் வகைப்பாடுதான். தலைப்புக்குச் சொந்தக்காரரை ஆலோசகராக வைத்துக்கொள்வதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஏலியன் படங்கள் தொடர்ந்து வருவதற்கு எளிய காரணம், அவை ஓடுகின்றன என்பதுதான். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' பல ஆண்டுகள் தள்ளிப்போனதுகூட யாருடைய ரகசிய உத்தரவாலும் அல்ல.

2017க்குப் பிறகு என்ன மாறியது?

2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை ஆராய பென்டகன் 2.2 கோடி டாலர் செலவில் ஒரு திட்டம் நடத்தியதை வெளிப்படுத்தியது. கடற்படை விமானிகள் பதிவு செய்த மூன்று வீடியோக்களை 2020 ஏப்ரலில் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2021 ஜூனில் வந்த அரசு அறிக்கை 144 சம்பவங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் உறுதியாக விளக்கியது: காற்று இறங்கிய பெரிய பலூன். மீதி 143க்கும் போதிய தரவு இல்லை. 'தரவு இல்லை' என்பது பல தலைப்புகளில் 'விளக்க முடியாத மர்மம்' ஆனது.

2023 ஜூலையில் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் க்ரஷ், விழுந்து கிடந்த வேற்றுக்கிரக வாகனங்களை அரசு பதுக்கியிருப்பதாக நாடாளுமன்றக் குழு முன்பு சத்தியம் செய்து சொன்னார். தான் நேரில் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லக் கேட்டதாகவும் அவரே சொன்னார். 2024 மார்ச்சில் இதற்கென்றே அமைக்கப்பட்ட பென்டகன் அலுவலகம், அப்படி எந்த ஆதாரமும் இல்லை என்று அறிக்கை தந்தது. டிவி நிகழ்ச்சிகள், புத்தகங்கள், படங்கள், சமூக ஊடகம் ஆகியவை மக்களின் நம்பிக்கையை வளர்த்திருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

மீடியா மக்கள் மனதை மாற்றுகிறதா என்றால், மாற்றுகிறது. பறக்கும் தட்டுகளில் சில வேற்றுக்கிரக வாகனங்களே என்று நம்பும் அமெரிக்கர்கள் 2019இல் 33 சதவீதம். 2021இல் 41 சதவீதம் என்கிறது கேலப் கருத்துக்கணிப்பு. ஆனால் அதற்கு மேலே உட்கார்ந்து ஒருவர் ஸ்விட்ச் போடத் தேவையில்லை. கிளிக் வேண்டும் ஊடகத்துக்கு, கவனம் வேண்டும் அரசியல்வாதிக்கு, ரகசியம் வேண்டும் ராணுவத்துக்கு. மூன்றும் ஒரே திசையில் ஓடினால், தூரத்தில் இருந்து பார்க்க திட்டம் போட்டது போலவே தெரியும்.

நம்பத் தோன்றுவது ஏன்?

2001 மார்ச்சில் ஒளிபரப்பான 'தி லோன் கன்மென்' தொடரின் முதல் எபிசோடில், விமானத்தை உலக வர்த்தக மையத்தில் மோதவைக்கும் சதி வருகிறது. ஆறு மாதத்தில் நிஜத்தில் நடந்தது. 'பிரெடிக்டிவ் புரோகிராமிங்' ஆதரவாளர்களின் பிரம்மாஸ்திரம் இதுதான். ஆனால் ஆண்டுதோறும் திரையில் எத்தனை குண்டு வெடிக்கிறது, எத்தனை நகரம் அழிகிறது! நடக்காத ஆயிரத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. பொருந்திய ஒன்று மட்டும் வைரலாகும்.

இன்னொரு காரணம், இந்தத் தியரியைப் பொய் என்று நிரூபிக்கவே வழி கிடையாது. ஊடகம் ஏலியனைக் காட்டினால், பழக்குகிறார்கள். கிண்டல் செய்தால், மூடி மறைக்கிறார்கள். பேசாமல் இருந்தால், வாயைக் கட்டிவிட்டார்கள். எது நடந்தாலும் ஜெயிக்கும் வாதம், எதையும் விளக்குவதில்லை.

நிஜ அறிவிப்பு எப்படி வரும்?

ஒத்திகை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 7 அன்று, அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கிரக விண்கல்லில் பழங்கால நுண்ணுயிரின் தடயம் இருக்கலாம் என்று நாசா அறிவித்தது. அதிபர் கிளின்டனே வந்து பேசினார். எந்த மதமும் கவிழவில்லை. விஞ்ஞானிகள் விவாதித்தார்கள்; இன்று பெரும்பாலோர் அதை உயிரின் தடயமாக ஏற்பதில்லை.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி நிக்கு மதுசூதன் குழு, சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள 'கே2-18பி' கிரகத்தில், பூமியில் உயிரினங்கள் உருவாக்கும் ஒரு வேதிப்பொருளின் அறிகுறி தெரிவதாகச் சொன்னது. கட்டுரை வெளியானது, மற்ற குழுக்கள் அதே தரவை எடுத்து அலசி, ஆதாரம் போதாது என்றன.

வேற்றுக்கிரக சிக்னல் தேடும் விஞ்ஞானிகளுக்கென 1989இல் உருவான கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன: முதலில் சரிபார், மற்ற ஆய்வகங்களும் உறுதி செய்யட்டும், பிறகு எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல், உலக நாடுகளைக் கலக்காமல் பதில் அனுப்பாதே. சட்டம் அல்ல, ஒரு நடைமுறை.

மக்கள் பீதியடைவார்களா? அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வார்னம் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேற்றுக்கிரக நுண்ணுயிர் பற்றிய செய்திக்கு மக்கள் எழுதிய எதிர்வினைகளில் பயத்தைவிட மகிழ்ச்சியே அதிகம். 'தாங்க மாட்டார்கள், அதனால் பழக்க வேண்டும்' என்ற தியரியின் அடித்தளமே இங்கே ஆடுகிறது.

சும்மா ஜாலிக்குத்தானே, இதில் என்ன நஷ்டம்?

3ஐ/அட்லஸ் விவகாரம் இதற்குப் பதில் சொல்லும். 2025 ஜூலை 1 அன்று கண்டறியப்பட்ட இந்தப் பொருள், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட மூன்றாவது பொருள் மட்டுமே. அக்டோபர் 2இல் செவ்வாய் அருகே இருந்து எடுத்த படங்களை நாசா உடனே வெளியிடவில்லை. காரணம், பட்ஜெட் இழுபறியால் அக்டோபர் 1 முதல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கியிருந்தன. இணையத்திலோ, "ஏலியன் கப்பல், அதான் மறைக்கிறாங்க" என்று ஓடியது. நவம்பர் 19 அன்று படங்கள் வந்தன. வால்நட்சத்திரம்தான் என்று நாசா விளக்கியது. "முழுசா சொல்லல" என்ற பேச்சு அதன் பிறகும் நிற்கவில்லை.

வேறொரு நட்சத்திரத்தின் அருகே உருவான பனிக்கட்டி நம் சூரியனைச் சுற்றிவிட்டுப் போவதே எவ்வளவு பெரிய விஷயம்! அது பலருக்கு ஏமாற்றமாகத் தெரிந்தது. நாளை உண்மையாகவே ஒரு சிக்னல் கிடைத்தால், பாதிப் பேர் 'எப்பவோ தெரியும்' என்பார்கள். மீதிப் பேர் 'ப்ளூ பீம்' என்பார்கள். தரவைப் பார்க்க ஆள் இருக்காது. ராணுவம் எதற்குச் செலவு செய்கிறது, எதை மறைக்கிறது என்ற நியாயமான கேள்வியும் இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். சொல்பவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? மூலத் தரவை வேறு யாராவது சரிபார்க்க முடியுமா? இந்தக் கருத்து தவறு என்று காட்ட எது நடக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்யாமல் அப்படியே விட்டுவிடலாம்.